வெட்டி எடுத்த வசனம்

திருவாரூர் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஆஸிமும் அவன் நண்பன் சதீஷும் பள்ளியில் ஒரே பெஞ்ச். இருவருக்கும் நடிகர் என்றால் ஒரே ஒருவர்தான். அவர் படம் வந்தால் விடிவதற்கு முன்பே தியேட்டர் வாசலில் நிற்பார்கள். ரசிகர் மன்றத்துக்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியதே அவர்கள்தான். நடிகர் கட்சி ஆரம்பித்ததும் குரூப்பின் பெயர் மாறியது. சதீஷ் வார்டு செயலாளர் ஆனான். ஆஸிம் கட்சியில் சேரவில்லை. குரூப்பைவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. கத்தாரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவனுக்கு வேலை உறுதியாகியிருந்தது. வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் மட்டும் வர வேண்டும்.

ஒரு மதியம் யாரோ எதிர்க்கட்சி வேட்பாளரின் கூட்ட போஸ்டரை குரூப்பில் போட்டார்கள். ‘கடைமடைக்குத் தண்ணி வரல, இவரு வந்துட்டாரு’ என்று கேலி தொடங்கியது. மீம் மேல் மீமாக விழுந்தது. ஆஸிம் தன் பங்குக்கு, நடிகர் வில்லனைப் பார்த்துச் சொல்லும் வசனத்தைத் தட்டிவிட்டான்.

‘மேடை ஏறுறது உன் இஷ்டம். இறங்குறது என் இஷ்டம்.’

தியேட்டரே அதிர்ந்த வசனம் அது. முதலில் சிரிப்பு எமோஜி போட்டது சதீஷ்தான்.

மறுநாள் ஒரு படம் ஊரெல்லாம் சுற்றியது. போஸ்டர், ஆஸிமின் பெயர், அந்த வரி. மற்ற எல்லாவற்றையும் யாரோ வெட்டியிருந்தார்கள். ‘கொலை மிரட்டல் விடும் இவன் யார்?’ என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது. அவன் பெயரைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள்.

“அது பட வசனம் சார்.”

“எனக்கும் தெரியும்ப்பா, நானும் பாத்தேன்” என்றார் எஸ்.ஐ. “ஆனா புகார்னு வந்துட்டுதே. குரூப்ல இருந்தவங்க யாராச்சும் வந்து, விளையாட்டுக்குத்தான் போட்டான்னு எழுதிக் குடுக்கட்டும்.”

ஆஸிம் வாசலுக்கு வந்து சதீஷைப் போனில் கூப்பிட்டான்.

“மச்சான், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்டா.”

சதீஷ் குரலைத் தாழ்த்தினான். “யாரும் போகக் கூடாதுன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்கடா. அந்த வேட்பாளர் கட்சியோடயே கூட்டணி பேசிக்கிட்டிருக்காங்க. உனக்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லன்னு அறிக்கை வேற விடச் சொல்றாங்க.”

“யாரு விடுறா?”

லைன் கட்டானது. போனைக் காதிலிருந்து எடுத்தபோது, குரூப்பிலிருந்து அவனை நீக்கியிருந்தது தெரிந்தது. நீக்கியவர் பெயர் சதீஷ்.

சாயங்காலம் அவனிடமே எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வழக்கு இல்லை. ஆனால் விசாரணை முடியவில்லை என்று சான்றிதழ் நின்றது. ஏஜென்ட் இரண்டு முறை கேட்டுவிட்டு வேறு ஆளை கத்தாருக்கு அனுப்பிவிட்டார்.

அம்மா மெஹராஜ் பேகம் திட்டவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“இப்படியெல்லாம் நடந்தது அந்த நடிகருக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாதும்மா.”

“சதீஷுக்கு?”

ஆஸிம் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

கூட்டணி முடிவாகி, தேர்தலும் முடிந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் சதீஷ் நனைந்தபடி கடைக்குள் வந்தான்.

“மனசே சரியில்லடா” என்றான்.

“உக்காரு” என்றான் ஆஸிம். டீ வரவழைத்தான்.

இருவரும் குடித்தார்கள். சின்ன வயசிலிருந்து அவர்கள் பேசியதெல்லாம் ஒரே ஒருவரைப் பற்றித்தான். அதை விட்டால் இருவருக்கும் பேச எதுவுமில்லை என்பது ஆஸிமுக்கு அப்போதுதான் உறைத்தது. மழை விடுவதற்குள்ளேயே சதீஷ் எழுந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.