ரோஸ்கோ கேட்ட வண்டி

"முதல்ல இந்த பஸ்ஸை எடுக்கச் சொல்லு! சவப்பெட்டியை ஏத்துற வண்டி எங்க நிக்கும்?"

ஹோலிஸ் மாமா கத்தியபோது வெர்னிதா கறுப்பு உடையோடு குனிந்து, இடம் மறித்து வைத்திருந்த நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு அந்தப் பக்கம் இடம் விட்டிருக்கு மாமா. இது இங்கதான் நிக்கும்."

அமெரிக்காவின் மேக்கன் நகரத்து ஆகஸ்ட் வெயிலில், தேவாலய வாசலில் ரத்ததான பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. தேவாலயத்துக்குள்ளே பெட்டியில் அவளுடைய தம்பி ரோஸ்கோ கிடந்தான். "எனக்குப் பூ வேண்டாம். வர்றவங்க ரத்தம் குடுத்துட்டுப் போகட்டும்" என்று போன வாரம் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிச் சொன்னவன். பூவும் வந்து குவிந்திருந்தது.

அவனுடைய சிவப்பணுக்கள் வட்டமாக இருக்கவில்லை. அரிவாள் போல வளைந்து, மெல்லிய நாளங்களில் சிக்கி அடைத்துக்கொண்டன. மற்றவர்களுக்கு நான்கு மாதம் வாழ்கிற அணு, அவன் உடம்பில் இரண்டு மூன்று வாரத்தில் உடைந்துபோகும். யார் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் அவன் வளர்ந்தான், வேலைக்குப் போனான், காதலித்தான்.

"சாவுக்கு வந்தவங்க கையில ஊசி குத்துவியா? ஊர் என்ன பேசும்?"

"ஊர் பேசாம இருந்துச்சா? வலியில துடிச்சுக்கிட்டு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனா, போதை மருந்துக்கு நடிக்கிறான்னு வெளிய உக்கார வெச்சாங்க. அப்ப யாரு மாமா கத்தினது? நீங்களா?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "இது உங்க அப்பன் வழியில வந்த சீக்கு. நம்ம ரத்தத்துல கிடையாது. வாசல்ல கடை பரப்பாத."

"ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் இது வரும். அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. உங்ககிட்டயும் இருக்கலாம். ஒரு தடவையாவது சோதிச்சுப் பாத்தீங்களா?"

தேவாலயப் படியில் நின்ற பெண்களின் விசிறிகள் அசையாமல் நின்றன. அம்மா ஆர்லீன் மெதுவாக இறங்கி வந்தாள். அப்பா வழி என்று யாராவது சொல்லும்போதெல்லாம் பேசாமல் தலையாட்டியே பழகியவள். திட்டப்போகிறாள் என்று வெர்னிதா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்கு, ஹோலிஸ். அவன் பொறந்தப்பவே டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. "இதைப் பிடி."

தன் கைப்பையைத் தம்பி ஹோலிஸிடம் திணித்துவிட்டுப் பேருந்தின் படியேறினாள். வெர்னிதா பின்னாலேயே போனாள்.

"எனக்கு அந்தக் குறை பாதி இருக்கும்மா" என்று நர்ஸிடம் சொன்னாள் அம்மா. "என் ரத்தம் ஆகுமா?"

"உங்க சிவப்பணுவை இந்த நோய் உள்ளவங்களுக்குத் தர மாட்டோம். பிளாஸ்மா ஆகும். தீக்காயம் பட்டவங்களுக்குக் குடுப்போம்."

"அப்ப ஆகறதை எடுத்துக்கோ."

அம்மா கையை நீட்டிப் படுத்தாள். ஊசி இறங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெர்னிதா அவள் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

வெளியே விசிறிக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். ரோஸ்கோவோடு வேலை பார்த்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள். அக்காவின் கைப்பையை மார்போடு அணைத்தபடி, இருந்த இடத்திலேயே நின்றார் ஹோலிஸ் மாமா.

"அண்ணே, நீங்க வரிசையிலயா நிக்கிறீங்க?" என்று பின்னால் வந்தவன் கேட்டான்.

அவர் விலகவில்லை.