டிரோனுக்கு மரியாதை

மனித குலத்தில் இயந்திரத்துக்கு அடிபணியாத கடைசி ஆள் தாமே என்பது காப்பீட்டு அதிகாரியின் உறுதியான முடிவு. மற்ற எல்லோரும் கவிழ்ந்துவிட்டார்கள். கவிழ்த்தவன் அவருடைய மச்சினன்.

மச்சினன் ஒரு நாவல் எழுதியிருந்தான். ராணுவத்தின் டிரோன்களுக்குச் சொந்தப் புத்தி வந்து, யார் பேச்சையும் கேட்காமல் ஊர் ஊராகப் பறக்கின்றன. ஜன்னலோரம் நின்று ஒட்டுக்கேட்கின்றன. இயந்திரத்தை 'வா, போ' என்கிற வீடு தரைமட்டம். 'வாங்க, போங்க' என்றால் பிழைத்தது. இந்தக் கூத்து அச்சுக்கு மேல் அச்சாக விற்றதில் அதிகாரிக்கு வயிறு எரிந்தது.

அவரும் ஒரு நாவல் எழுதி வைத்திருந்தார். செயற்கைக்கோள் ஒன்று தானே ஆயுதமாக மாறும் கதை. இயற்பியலில் ஒரு பிழை கிடையாது. அதைக் கணினியில் படித்த மனைவி முதல் அத்தியாயத்திலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். தம்பி புத்தகத்தையோ, அடுப்பில் வைத்தது கருகுவதுகூடத் தெரியாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு வாஷிங் மெஷினிடம், கொஞ்சம் மெதுவா சுத்துங்களேன் என்று கேட்டுக்கொண்டாள்.

அதிகாரிக்குத் தாங்கவில்லை. "கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு ஒரு 'ங்க' போட்டிருக்கியா?"

"நீ வெடிக்க மாட்டியே," என்றாள் அவள், சோப்புத்தூளை அளந்தபடி.

அலுவலகத்தில் இன்னும் மோசம். லிஃப்டுக்கு வணக்கம் வைத்தார்கள். மேலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரை எழுத்தாளரின் அக்கா வீட்டுக்காரர் என்று காட்டினார். அடுத்தவன் பெயரைச் சொல்லிப் பெருமை தேடுவதும் மெஷினுக்குக் கும்பிடு போடுவதும் முதுகெலும்பு இல்லாதவன் செய்கிற வேலை என்று அதிகாரி கேன்டீனில் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். மெஷினுக்குக் கும்பிடு போட்டவர்கள் அவருக்குக் கைதட்டவில்லை.

அந்த வாரக் கடைசியில் மனைவி ஒரு செய்தி சொன்னாள். தம்பி பேசிவிட்டானாம், அவனுடைய பதிப்பாளர் இவர் நாவலையும் பார்க்கச் சம்மதித்துவிட்டாராம். ஆனால் மனுஷர் இன்றைக்குச் சாயங்காலமே வெளிநாடு கிளம்புகிறார், அதற்குள் காகிதத்தில் வேண்டும். அவன் தயவு எனக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டே அதிகாரி காகிதக் கட்டைப் பிரித்தார்.

செயற்கைக்கோள் குறிபார்க்கும் கட்டத்தில் பிரிண்டர் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மூடியைத் திறந்து சிக்கிய தாளை உருவினார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். "டேய்," என்று மண்டையில் ஒன்று வைத்தார். விளக்கு அணையவில்லை.

பதிப்பாளர் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டாராம் என்று கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

அதிகாரி கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். பிரிண்டரின் முன்னால் மண்டியிட்டு, குரலை நன்றாகத் தணித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. அந்த டிரோன் கதை எழுதினவர் இருக்காருல்ல? அவரோட அக்கா வீட்டுக்காரருங்க நான்."