தப்பு எழுதுகிற நோட்டு

முப்பத்தொரு வருஷமாக அந்த மருந்துக்கடை கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் பெரியவர். கையை நீட்டினால் போதும், வேண்டிய டப்பா விரலில் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு மூன்று மாதமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம், பட்டம் வாங்கி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பார்மசிஸ்டம்மா. அவளைவிடப் பெரிய காரணம், அவளோடு வந்த நோட்டு.

கடைக்குத் தரச் சான்று வேண்டுமென்றால், மருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன் கண்டுபிடித்த தவறை எல்லாம் அந்த நோட்டில் அவரவர் பக்கத்தில் எழுத வேண்டுமாம். எழுதி வைத்தால் மருந்து சரியாகிவிடுமா என்று பெரியவர் கேட்டுப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. பார்மசிஸ்டம்மா பக்கத்தில் பதினோரு தவறு சேர்ந்தது. பெரியவர் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

முன்னெல்லாம் பதினோரு தவறு செய்தவளை மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போதோ முதலாளி அவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். சோதனைக்கு வந்த அதிகாரியும் மெச்சிவிட்டுத்தான் போனார். அவர் போனதும் முதலாளி பெரியவரிடம் வந்தார்.

"என்ன பெரியவரே, உங்க பக்கம் காலியா கெடக்கு? தப்பே செய்யலன்னா யாரு நம்புவா? பார்க்கவே இல்லன்னுதான் சொல்வாங்க. இப்படியே இருந்தா உங்கள பின்னாடி ஸ்டாக் ரூமுக்குத்தான் அனுப்பணும்."

தப்பு செய்தவளுக்குப் பாராட்டு, செய்யாதவனுக்கு ஸ்டாக் ரூமா? அன்று சாயங்காலமே பெரியவர் பேனாவைத் திறந்தார். பிரஷர் மாத்திரைக்குப் பதில் பக்கத்திலிருந்த சர்க்கரை மாத்திரையை எடுத்துவிட்டேன், கொடுக்கும் முன் பார்த்து மாற்றினேன், ரெண்டு டப்பாவும் ஒரே நிறம் என்று கோணல் எழுத்தில் ஒரு தவறை உண்டாக்கினார். அத்தனையும் பொய்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். பார்மசிஸ்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. தவறு என்று எழுதினால் அதற்கு வழி செய்தாக வேண்டும் என்பது அவள் கணக்கு. மறுநாள் காலை பிரஷர் மாத்திரையைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிச் சீட்டு ஒட்டினாள். மேலே இருந்த வரிசையை நெருக்கியபோது, காலியான இடத்துக்குச் சர்க்கரை மாத்திரை நகர்ந்தது. எல்லோரையும் கூப்பிட்டு இடத்தைக் காட்டினாள். அவள் பேசும்போது காதைக் கழற்றி வைத்துவிடுவது பெரியவர் வழக்கம்.

பதினொரு மணிக்கு, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் வந்தார். மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்குபவர். முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே பெரியவர் கையை நீட்டினார், மூன்று அட்டையை உறையில் போட்டார், கொடுத்தார்.

அரை மணி கழித்து ஒரு அம்மாள் சர்க்கரை மாத்திரை கேட்டாள். வழக்கமான இடத்துக்குப் போன கையில் வேறு ஏதோ டப்பா வந்தது. அப்போதுதான் பெரியவர் அலமாரியைக் கண்ணால் பார்த்தார். பிரஷர் மாத்திரை இருந்த இடத்தில் சர்க்கரை மாத்திரை உட்கார்ந்திருந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த டிரைவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போடுகிற ஆள். சர்க்கரை வியாதி இல்லாத உடம்பு, விழுந்தால் எழுந்திருக்குமோ என்னவோ. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. வாடிக்கையாளர் நம்பரெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. போயும் போயும் இவளிடமா போய் நிற்பது? நின்றார்.

"டிரைவர் வீட்டுக்குப் போன் போடும்மா. சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துட்டேன்."

அவள் உடனே நம்பரைத் தேடிப் போன் போட்டாள். டிரைவர் மனைவி எடுத்தாள். அவர் குளிக்கிறாராம், மாத்திரை இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறதாம்.

"அதைத் தொட வேண்டாம்னு சொல்லுங்கம்மா. சரியானதைக் கொண்டு வந்து தர்றோம். எங்க தப்பு," என்றாள் பார்மசிஸ்டம்மா.

எங்க தப்பாம். பதினொன்று போதாதென்று இதிலும் பங்குக்கு வந்துவிட்டாள். உயிர் திரும்பி வந்த அந்த நேரத்திலும் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினார்.

"இந்தப் பொண்ணு தப்பு ஒண்ணும் இல்லம்மா. என் தப்பு. பார்க்காம எடுத்தேன். நானே கொண்டு வர்றேன்."

கல்லாவிலிருந்து முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். வாய் திறந்தது திறந்ததாகவே இருக்கட்டும் என்று, நேற்று எழுதியது பொய் என்பதையும் பெரியவர் போட்டு உடைத்தார். முதலாளி ஸ்டாக் ரூம் பக்கம் மோவாயை அசைத்தார்.

"ரெண்டையும் எழுதணும்ணே," என்றாள் அவள் மெதுவாக.

"வந்து எழுதறேன். அதுவரைக்கும் என் பக்கத்துல நீ கை வைக்காதே."

கீழ்த்தட்டுக்குக் குனிந்தார். டப்பாவின் பேரை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். மூன்று அட்டையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.