கயிற்றின் மறுமுனையில்

கயிறு இன்னும் கனக்கிறது, கஸ்பாரின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நழுவுகிறது, மறுமுனையில் இருப்பது அலையின் இழுப்புதான் என்று நினைக்கிறார், நினைத்தார், இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் நினைக்கப் பார்க்கிறார், அதற்குள் யாரோ தோளைத் தொட்டு, தண்டல் மாமா, மேடைக்கு வாங்க, சேசம்மா அக்கா கையால ஒங்களுக்குச் சால்வ என்கிறார்கள், தூத்துக்குடியில் மாதா கோயில் மண்டபம், வருடந்தோறும் நடக்கிற பாராட்டு விழா, மின்விசிறிக் காற்றில் சட்டையில் குத்திய பதக்கம் ஆடுகிறது, ஐயோ, வேறு ஆளே கிடைக்கவில்லையா இவர்களுக்கு, செத்துப்போன லியோனின் பெண்டாட்டியா சால்வை போட வேண்டும்.

மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி அது, சாய்ந்து மூழ்கிக்கொண்டிருந்தது, பின்னால் வந்த தோணிக்குக் கஸ்பார்தான் தண்டல், தோணியை நடத்துகிற தலைவர், கயிறு வீசி ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார், சாய்ந்த தோணியோ இவர் தோணிமேல் மோத வருகிறது, எத்தன ஆளு நீங்க என்று கத்துகிறார், பத்து மாமா, ஆளு பத்து என்று உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டே ஒருவன் சொல்கிறான், தளத்தில் தலைகளை எண்ணினார், பத்து இருந்தது, கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார், விடும்போது அது ஒரு வெட்டு வெட்டி இழுத்தது, அலைதான்.

அலையாம் அலை! ஆள் எத்தனை என்று கேட்டால் தோணிக்காரன் தண்டலைச் சேர்க்காமல்தான் சொல்வான், தண்டல் தனி, ஆள் தனி, துறைமுகத்தில் ஆயிரம் தடவை அப்படிச் சொன்ன வாய்தானே கஸ்பாரின் வாயும், எண்ணிய பத்தில் ஒன்று மயங்கிக் கிடந்த அந்தத் தோணியின் தண்டல் என்று உறைத்ததும் திரும்பிப் போய்ப் பொழுது சாயும்வரை தேடினார், அந்தத் தோணியில் சோறாக்குகிற லியோன் எங்கேயும் இல்லை. அப்படித் தேடியதையும் சேர்த்துப் பாராட்டித்தான் பதக்கம் கொடுத்தார்கள்.

சேசம்மாள் சால்வையைப் போர்த்துகிறாள், அண்ணே, நீங்க இருந்தும் அவுக கெடைக்கலன்னா மாதாதான் கூப்புட்டுக்கிட்டா, நான் யாரையும் நோவல என்கிறாள், வசவைக்கூடத் தாங்கலாம், இதை எப்படித் தாங்குவது, ரெண்டு வார்த்த பேசுங்க மாமா என்று மைக் வருகிறது, வருடா வருடம் எல்லாம் மாதா செயல் என்று சொல்லிவிட்டு இறங்குகிறவர் இன்று மைக்கைத் தள்ளிவிட்டு அவள் பக்கம் குனிகிறார், தாயி, லியோன் கயித்தப் புடிச்சிருந்தான், இழுத்தான், நான் எண்ணுனது தப்பு, நாந்தான் விட்டுட்டேன். கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, கை தட்டுகிறார்கள், சேசம்மாள் அவர் உள்ளங்கையைப் பிடிக்கிறாள், நகம் பதிகிறது, எவ்ளோ நேரம்ண்ணே புடிச்சிருந்தாக, சொல்லுங்க, எவ்ளோ நேரம், கேட்டுக்கொண்டே கால் மடங்கிக் கீழே சரிகிறாள், அவள் கனம் முழுவதும் அவர் கையில், ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறது, இந்தத் தடவை அலை என்று அவர் நினைக்கவில்லை, விடவும் இல்லை.