பருந்துக்குப் போட்ட மதிப்பெண்

ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற கடைக்காரன், பட்டப்பகலில் பருந்தைப் பார்த்துக் கிளைடர் என்று நேரம் குறித்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? கிளைடர் பறக்கவிடும் போட்டிக்குக் கூடியிருந்த மைதானமே சிரித்தது. சிரிக்காதவர் அவனுடைய அக்கா புருஷன் பிளம்பர் மட்டும்தான். அந்தக் கிளைடர், எஞ்சின் இல்லாத குட்டி விமானம், அவர் கையில் இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் அது எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. அவர் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, கடைக்காரன் பைனாகுலரைக் கண்ணில் அப்பிக்கொண்டு, ஸ்டாப்வாட்சை ஓடவிட்டபடி இன்னும் அண்ணாந்து நின்றான். போட்டியில் குறித்திருந்த முழு நேரமும் பறந்ததாகக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

அந்த நேரம் தனக்கு வேண்டாம், கிளைடர் பாதியிலேயே இறங்கிவிட்டது என்று பிளம்பரே நடுவரம்மாவிடம் போய்ச் சொன்னார். ஓசியில் வருவதற்குக் கை நீட்டுகிற ஆளில்லை அவர். அதிலும் அது அவர் செய்த கிளைடர் இல்லை. காய்ச்சலில் செத்துப்போன மகன், ஒல்லி என்று எல்லோரும் கூப்பிட்டவன், செய்தது. இறக்கைத் தாளில் பசையோடு பதிந்த அவன் விரல் ரேகை இன்னும் தெரியும். அதைக் கடைசிச் சுற்றுவரை கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே ஆசை.

நடுவரம்மா கடைக்காரனைக் கூப்பிட்டார். தெரியாமல் பருந்தைப் பார்த்திருந்தால் இன்னொரு முறை பறக்கவிடலாம். தெரிந்தே வாட்சை ஓடவிட்டிருந்தால் அந்தச் சுற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது என்று விதியைச் சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்.

முதலில் அவனுக்குத் தெரியாதுதான். ஆனால் வட்டமடித்துக்கொண்டிருந்தது நடுவில் ஒருமுறை சிறகடித்தது. எந்தக் கிளைடர் சிறகடிக்கும்? அவன் பார்த்தான். பொத்தானில் இருந்த கட்டைவிரல் அசையவில்லை. மருமகனுடைய கிளைடர் இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே இருக்கட்டுமே என்று பாழாய்ப்போன மனசு அடம்பிடித்தது.

"தெரியாமத்தாங்க நடந்துபோச்சு."

பிளம்பர் அவன் தோளில் கை வைத்தார். "விடு மாப்ள. யாருக்கும் ஆகுறதுதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் நம்பிவிட்டார். அதற்குமேல் அவர் பக்கம் திரும்பவே அவனுக்குக் கூசியது.

வெயில் இறங்குவதற்குள் மறுபடி ஏவச் சொன்னார்கள். கிளைடரின் மூக்கில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. முன்கூட்டியே முறுக்கிவிட்டால், நேரம் முடிந்ததும் அது வாலைத் தூக்கிக் கிளைடரைக் கீழே இறக்கிவிடும். முறுக்காமல் விட்டு, மேலே தூக்கும் நல்ல வெப்பக்காற்றும் கிடைத்துவிட்டால் போனது போனதுதான். அவசரத்தில் எவனும் மறக்கிற வேலை என்பதால், ஏவுவதற்கு முன் "கடிகாரம் வச்சாச்சா?" என்று நேரம் குறிப்பவர் கேட்பது அங்கே வழக்கம். அன்று கடைக்காரன் கேட்கவில்லை. பொய் சொன்ன வாயால் அந்த மனுஷரிடம் பேச அவனுக்கு நா எழவில்லை.

பிளம்பர் கிளைடரைக் கோத்த கயிற்றைப் பட்டம் விடுவதுபோல் இழுத்துக்கொண்டு ஓடினார். கிளைடர் கொக்கியிலிருந்து விடுபட்டு அழகாக ஏறியது. இந்த முறை அவன் இமைகூடக் கொட்டவில்லை. முழு நேரமும் ஆனது. வால் தூக்கவில்லை. அது ஏறிக்கொண்டே போய், புள்ளியாகி, மேகத்துக்குள் நுழைந்தது. அவன் பைனாகுலரை இறக்கவில்லை. கண்தான் கலங்கிவிட்டது.

பிளம்பர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நான் மறந்துட்டேன் மாப்ள," என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "நீயும் கேக்கல."

அவன் வாயைத் திறந்தான். எதைச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? அதற்குள் நடுவரம்மா ஒலிபெருக்கியில் முழு மதிப்பெண்ணை அறிவித்தார். கடைசிச் சுற்றுக்குத் தகுதி பெற்றவர்கள் கிளைடரோடு வரலாம் என்றார். மைதானம் கைதட்டியது. பிளம்பர் வெறும் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.