பெரிய பல் சீப்பு

"ஐயோ, வலிக்குதுப்பா! ஈர முடியைப் போயி யாராவது..."

"ஆடாம நில்லு. நீ ஆடினா..."

"மேலேருந்து இழுக்காதீங்க! நுனியில சிக்கெடுத்துட்டு அப்புறம்தான் மேல வரணும். துண்டாலயும் பரபரன்னு தேய்ச்சிட்டீங்க. ஒத்தி ஒத்தி எடுக்கணும்னு அம்மா சொல்வாங்க."

"சரிங்க டீச்சரம்மா."

"இந்தப் பொடிப்பல் சீப்பு முடியைப் பிடுங்குது. அம்மாவோட பெரிய பல் சீப்பை எடுங்களேன்."

"அது வேணாம்."

"ஏன்?"

லாரி ஓட்டிக் காய்த்துப்போன அவர் கை, மகளின் தலைமேல் அப்படியே நின்றது. மனைவி இறந்த பிறகு அவளுடைய துணிமணிகளை அவருடைய அக்கா வந்து, வாசனைகூட மிஞ்சாமல் துவைத்து, யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அந்தச் சீப்பை மட்டும் அவர் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அதன் பற்களில் அவளுடைய முடி நாலைந்து இழை சுற்றிக்கிடந்தது. இதைப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

"வேணாம்னா விடேன்!" என்று எரிந்து விழுந்தவர், அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது மகள் குளியலறை வாசலில் நின்றிருந்தாள். கையிலிருந்த சீப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பற்கள் புதிதுபோல் பளபளத்தன.

"கோவிக்காதீங்கப்பா. உங்க சட்டைக்கு அடியில கிடந்துச்சு. அழுக்கா இருக்குன்னுதானே வேணாம்னீங்க? ஒட்டியிருந்த முடியெல்லாம் எடுத்துத் தண்ணியில விட்டுட்டு, ஷாம்பு போட்டுக் கழுவிட்டேன். இப்ப அம்மா மாதிரியே சீவி விடுங்க."