அழைப்பை எடுக்காத தாரணி

தாரணிக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். வேறு வார்த்தை சிக்கினால் அதற்குப் பதில் இன்னொன்றைப் போட்டுச் சமாளித்துவிடுவாள். பெயருக்கு மாற்று ஏது? 'தா' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும். எதிரில் இருப்பவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். போனில் என்றால், "லைன் சரியில்லீங்க, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவார்.

குடியாத்தத்திலிருந்து அவள் பெங்களூருக்கு வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை, ஜீவனஹள்ளியில் ஒரு மாடி அறை. பஸ்ஸில் நின்றபடியே வேலைக்குப் போகும் பெண்கள் என்ன உடுத்தலாம் என்று வலைப்பதிவு ஒன்று எழுதி வந்தாள். வீடியோ கிடையாது, நான்கு படங்கள், இரண்டு பக்க எழுத்து, அவ்வளவுதான். ஒவ்வொரு துணியையும் பத்து நாள் உடுத்தி, துவைத்து, காயப்போட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுவாள். அதனாலேயே அவள் சொன்னால் நம்பி வாங்கும் பெண்கள் பெருகினார்கள். விளம்பரத் தொடர்பு நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களின் துணிகளைப் பற்றி எழுதச் சொல்லி அவளைத் தேடத் தொடங்கின.

அவர்கள் முதலில் மின்னஞ்சல் அனுப்புவார்கள், பிறகு போன் செய்வார்கள். தாரணி எடுக்க மாட்டாள். அத்தோடு அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

பிரேசர் டவுனில் இருந்த ஒரு நிறுவனத்திலிருந்து நிருபமா என்ற பெண் மூன்று முறை அழைத்தாள். அலுவலக உடைகள் தைக்கும் புதிய நிறுவனம் ஒன்றுக்காக. மூன்று முறையும் தாரணி போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மின்னஞ்சல் வந்தது: 'உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். பட்டியலிலிருந்து பெயரை நீக்குகிறோம்.'

இதுபோல எத்தனையோ வந்திருக்கின்றன. ஆனால் 'விருப்பமில்லை' என்ற வார்த்தை அன்று அவளைச் சுட்டது. சாப்பாட்டு இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறக்காமலே பதில் எழுதினாள்.

'எனக்கு விருப்பம் உண்டு. எனக்குத் திக்குவாய். போனில் என்னால் பெயரைக்கூடச் சொல்ல முடிவதில்லை. எழுத்தில் கேட்டால் அன்றே பதில் தருவேன். நேரிலும் வருவேன். நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தால் போதும். வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.'

அனுப்பிவிட்டாள். இதை அவள் யாருக்கும் எழுதியதில்லை. பத்து நிமிடத்தில் நிருபமாவின் பதில் வந்தது. 'மன்னிச்சுக்கோங்க தாரணி. நான் கேட்டிருக்கணும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வர முடியுமா? கூட்டம் இருக்காது.'

நிருபமா சுமார் முப்பத்தைந்து வயதுக்காரி; மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் குடும்பம். வாசலிலேயே நின்று வரவேற்றாள். தாரணி பெயரைச் சொல்லத் தொடங்கினாள், சிக்கியது. நிருபமா புன்னகைக்கவில்லை, தலையாட்டி உற்சாகப்படுத்தவும் இல்லை. லிப்டுக்காக நிற்பவள்போலச் சாதாரணமாக நின்றாள். பெயர் வெளியே வந்ததும், "வாங்க. காபி சொல்லட்டுமா?" என்றாள்.

உடை நிறுவனத்தின் மேலாளர் அபினவ் உள்ளே காத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். தாரணி ஒரு குர்தாவைப் போட்டுக்கொண்டு வந்ததும், "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"த... த..."

"தரம்! தரம்தானே? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"இல்ல, த..."

"தனித்துவம்?"

"சார், அவங்க இன்னும் முடிக்கல" என்றாள் நிருபமா. குரலில் கோபமே இல்லை. அபினவ் வாயை மூடிக்கொண்டார்.

தாரணி மூச்சை இழுத்து விட்டாள்.

"தையல். அக்குள்ல இறுக்கமா இருக்கு சார். பஸ்ல க... கம்பியைப் பிடிச்சா தாங்காது."

சொன்னதோடு நிற்காமல் கையைத் தலைக்கு மேலே தூக்கி, பஸ்ஸில் நிற்பதுபோல நின்று, பிரேக் போட்டால் உடம்பு சாய்வதுபோல ஒரு பக்கம் சாய்ந்தாள். 'டர்'ரென்று தையல் விட்டது. மூவரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். அபினவின் முகம் சிவந்துவிட்டது. அவள் உடை மாற்றி வந்ததும் குர்தாவை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் நிருபமாவின் அலுவலகத்திலிருந்து அந்த உடை நிறுவனம் பற்றி ஒரு மின்னஞ்சல் வந்தது. கீழே நிருபமாவுக்குப் பதில் வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. 'இனி இந்த வேலையை நான் கவனிக்கிறேன்' என்று ஒரு வரி. தாரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாடிக்கையாளர் எதிரில் துணி கிழிந்ததற்கு நிருபமாவின் மேல் பழி விழுந்திருக்கிறது.

நிருபமாவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பலாம். எழுதவும் செய்தாள், அழித்தாள். எழுத்து போதாது என்று தோன்றியது. மாலை மொட்டை மாடிக்குப் போய், ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்று, தானே நிருபமாவை அழைத்தாள்.

"ஹலோ?"

"தா..." நின்றது. மறுமுனை அமைதியாக இருந்தது. மீண்டும் "தா..." கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் கூவிக்கொண்டே போய் மறைந்தார். "தாரணி பேசறேங்க."

"தாரணியா? போன்லயா? ஹௌதா, நிஜமாவா!" என்றாள் நிருபமா. அந்த ஆச்சரியம் குழந்தையுடையதுபோல இருந்தது.

"என்னால உங்க வே... வேலைக்கு..."

நிருபமா அவள் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். "உங்களால ஒண்ணும் இல்லீங்க. எனக்கு வேற வாடிக்கையாளரைக் கொடுத்திருக்காங்க. நீங்க அன்னைக்குப் பொய் சொல்லியிருந்தா எனக்கு இதைவிட வருத்தமா இருந்திருக்கும்." சற்று நிறுத்தினாள். "ஆனா ரெண்டு நாளா ஆபீஸ்ல யாரும் என்கூட சரியா பேசல. நீங்க கூப்பிட்டது நல்லா இருக்கு."

தெருவிளக்குகள் எரியும் வரை இருவருமே போனை வைக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து அபினவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அக்குளில் சதுரத் துணி வைத்துத் தைத்த குர்தா. 'பஸ்ஸில் போட்டுப் பாருங்கள்' என்று ஒரு சீட்டு. தாரணி பத்து நாள் போட்டாள். தையல் தாங்கியது, கை நீளம்தான் கொஞ்சம் அதிகம் என்று பதிவில் எழுதினாள். இந்த முறை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நிருபமாவுக்குப் பழைய வாடிக்கையாளர் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அவள் வேறொன்று செய்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரேசர் டவுன் பேக்கரி ஒன்றில் உட்கார்ந்து மடிக்கணினியைத் தாரணிக்குத் திருப்பிக் காட்டினாள். பட்டியலில் இருந்தவர்கள், நீக்கப்பட்டவர்கள் என நாற்பது வலைப்பதிவர்களிடமும், 'உங்களை எப்படித் தொடர்பு கொள்வது வசதி?' என்று கேட்டிருந்தாள். பதில்கள் வரிசையாக இருந்தன. ஒருவருக்கு இடது காது கேட்காது. ஒருவர் பத்து மணிக்கு முன் குழந்தைக்குப் பால் கொடுப்பார். ஒருவர் கன்னடத்தில் எழுதினால் மகிழ்ச்சி என்றிருந்தார். 'இதுவரை யாரும் கேட்டதில்லை' என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

கடைசி வரியில் தாரணியின் விரல் நின்றது. ஸ்ரீராம்புரம் ஷோபா, கல்யாண ரவிக்கைகள் பற்றி எழுதுபவர். 'தகரக் கூரை. மழை பெய்தால் போனில் எதுவும் கேட்காது. மற்றபடி எப்போது வேண்டுமானாலும்.'

"போன ஆடி, ஆவணி மழையில இவங்களுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். பேச இஷ்டமில்லாம வைக்கிறாங்கன்னு பேரை எடுத்துட்டேன்" என்றாள் நிருபமா.

தாரணி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப கூ... கூப்பிடுங்களேன்" என்றாள்.

நிருபமா போனை எடுத்தாள்.